ஹுதைபிய்யா முதல் ஆச்சே வரை: எதிரியோடு பேசுவது தோல்வியா?





ஓர் அரசை எதிர்த்து ஒரு கூட்டத்தார் ஆயுதம் ஏந்தும்போது, அந்த அரசு அவர்களோடு பேச வேண்டுமா, போரிட வேண்டுமா? இக்கேள்வி எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. ஆயுதம் ஏந்தியவனோடு பேசுவது, அவனுடைய ஆயுதத்துக்குப் பரிசளிப்பதாகும் என்கிறது ஒரு குரல். மனிதர்களைக் கொல்லலாம், அவர்களுடைய மனக்குறையைக் கொல்ல முடியாது என்கிறது மற்றொரு குரல். இரண்டிலும் உண்மை உண்டு. ஆகவே வெறும் வாதத்தால் இதற்கு விடை காண இயலாது. வரலாற்றில் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே போர் என்ன தந்தது, பேச்சு என்ன தந்தது என்று நிதானமாகக் கணக்குப் பார்ப்போம்.

அதற்கு நாம் தேர்ந்தெடுத்தது இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலம். அங்கே அரசின் படையினரும் முஸ்லிம்கள், எதிர்த்துப் போரிட்டவர்களும் முஸ்லிம்கள். இரு தரப்பாரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள். இறைநம்பிக்கையாளர்களில் இரு கூட்டத்தார் சண்டையிட்டுக்கொண்டால் அவர்களிடையே சமாதானம் செய்து வையுங்கள்; ஒரு தரப்பு வரம்பு மீறினால் அதைத் தடுத்து நிறுத்துங்கள்; அது திரும்பி வந்துவிட்டால் நீதியோடு இணக்கம் ஏற்படுத்துங்கள் என்னும் கருத்தில் சூரத்துல் ஹுஜுராத்தின் ஒன்பதாம் வசனம் நமக்கு வழிகாட்டுகிறது. இந்த வசனத்தை முன்னால் வைத்துக்கொண்டு படிக்கத் தக்க வரலாறு ஆச்சேயின் வரலாறு.

மக்காவின் திண்ணை

சுமத்ரா தீவின் வடமுனையில் இருப்பது ஆச்சே. நம் சோழமண்டலக் கரையிலிருந்து மரக்காயர்களின் கப்பல்கள் துணிமணி ஏற்றிச் சென்று, மிளகும் பாக்கும் கொண்டுவந்த துறைமுகங்களில் அதுவும் ஒன்று. தென்கிழக்காசிய ஹாஜிகள் மக்காவை நோக்கிக் கப்பலேறிய துறையாக விளங்கியதால் அதற்கு 'மக்காவின் திண்ணை' என்ற பெயர் உண்டாயிற்று. 1873 ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் அதன்மீது படையெடுத்தார்கள். பண்டா ஆச்சேயின் பைத்துர் ரஹ்மான் பள்ளிவாசல் அந்தப் போரில் எரிந்தது. டச்சுத் தளபதி கோலர் அதன் வளாகத்திலேயே கொல்லப்பட்டார். அதன்பின் பல பத்தாண்டுகள், உலமாக்களின் தலைமையில் ஆச்சே மக்கள் போராடினார்கள்.

இந்தோனேசியா விடுதலை பெற்றபோது, புதிய குடியரசுக்கு முதல் விமானம் வாங்க ஆச்சே மக்கள் தங்கள் நகைகளையும் பொன்னையும் அள்ளிக் கொடுத்தார்கள். ஆனால் சில ஆண்டுகளில் ஆச்சே தன் தனி மாநிலத் தகுதியை இழந்து, வட சுமத்ரா மாநிலத்துக்குள் கரைக்கப்பட்டது. இதனால் மனம் நொந்த மார்க்க அறிஞர் தாவூத் பெரூஎஹ், 1953 இல் கிளர்ச்சியைத் தொடங்கினார். 1959 இல் அரசு பேச முன்வந்தது. மார்க்கம், கல்வி, மரபு ஆகிய மூன்றிலும் ஆச்சேக்குச் சிறப்புத் தகுதி வழங்குவதாக வாக்களித்தது. 1962 இல் தாவூத் பெரூஎஹ் காட்டிலிருந்து திரும்பினார். ஆக, ஆச்சேயின் முதல் கிளர்ச்சியே பேச்சினால்தான் அடங்கியது. ஆனால் வாக்களிக்கப்பட்டவை பெரும்பாலும் காகிதத்தில் நின்றன. அடுத்த போருக்கான விதை அந்த நிறைவேறாத வாக்கில் இருந்தது.

போர் தந்தவை

1971 இல் லோக்சுமாவே அருகே அருண் என்னும் இடத்தில் மிகப்பெரிய எரிவாயுப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. எரிவாயு கப்பல் கப்பலாக வெளிநாடு சென்றது. வருவாய் ஜகார்த்தாவுக்குச் சென்றது. ஆலையைச் சுற்றியிருந்த கிராமங்கள் ஏழ்மையிலேயே கிடந்தன. 1976 டிசம்பர் 4 அன்று, டச்சுக்காரர்களை எதிர்த்த உலமாக் குடும்பத்தின் வழித்தோன்றலான ஹஸன் தி திரோ, 'சுதந்திர ஆச்சே இயக்கம்' என்ற பெயரில் தனிநாட்டுப் பிரகடனம் செய்தார். மக்கள் இதனை 'காம்' என்று சுருக்கி அழைத்தார்கள்.

தொடக்கத்தில் அது மிகச் சிறிய கூட்டம். அரசு அதனைப் படையால் நசுக்கியது; தலைவர்கள் சுவீடன் நாட்டில் அடைக்கலம் புகுந்தார்கள். கதை முடிந்தது என்று ஜகார்த்தா எண்ணியது. 1989 இல் கிளர்ச்சி மீண்டும் தலைதூக்கியது. அந்த ஆண்டு முதல் 1998 வரை ஆச்சே இராணுவ நடவடிக்கைப் பகுதியாக இருந்தது. பிடீ மாவட்டத்தில் 'ருமோ கெடோங்' என்னும் பழைய மாளிகை சித்திரவதைக் கூடமாக்கப்பட்டது. விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஆண்கள் பலர் வீடு திரும்பவில்லை. இந்த ஒடுக்குமுறையின் விளைவு என்ன? தந்தையை இழந்த பிள்ளைகள் வளர்ந்து காட்டுக்குச் சென்றார்கள். சிறு கூட்டமாக இருந்த காம், 1999 வாக்கில் ஆச்சேயின் கிராமப்புறங்களில் பெரும்பகுதியைத் தன் செல்வாக்குக்குள் கொண்டுவந்திருந்தது.

இயக்கத்தின் கைகளும் தூய்மையாக இருக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கட்டாய வரி, ஆட்கடத்தல், காட்டிக்கொடுத்தார் என்ற ஐயத்தில் கொலை, ஜாவாவிலிருந்து வந்து குடியேறிய எளிய மக்களை விரட்டுதல் ஆகிய குற்றங்கள் அவர்கள்மீதும் உண்டு. 2003 மே மாதத்தில் சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கான பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. எரித்தது யார் என்பதில் இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. முப்பது ஆண்டுப் போரில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டதாகப் பரவலாக மதிப்பிடப்படுகிறது. இரு பக்கமும் கலிமாச் சொல்லி மடிந்தவர்கள் அவர்கள்.

இடையில் அரசு ஒரு வழியைக் கையாண்டு பார்த்தது. 1999 இலும் 2001 இலும் சட்டங்கள் இயற்றி, ஆச்சேயில் ஷரீஅத் சட்டத்தை நடைமுறைப்படுத்த இசைவு தந்தது. மார்க்கப் பற்றுள்ள மக்கள் இதனால் மனநிறைவு அடைவார்கள் என்று ஜகார்த்தா கணக்கிட்டது. போர் நிற்கவில்லை. நாங்கள் கேட்டது இதுவன்று என்று காம் தலைவர்கள் வெளிப்படையாகவே கூறினார்கள். கொல்லப்பட்டவனுக்கு நீதியும், மண்ணின் செல்வத்தில் பங்கும், தம் தலைவர்களைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையுமே அவர்கள் முன்வைத்த வழக்கு. அந்த வழக்குக்கு விடை தராமல் ஷரீஅத்தின் பெயரை மட்டும் முன்வைப்பது, ஷரீஅத்தை ஓர் அரசியல் சலுகையாகச் சிறுமைப்படுத்துவதாகும். நீதியே ஷரீஅத்தின் உயிர் என்பதை நம் முன்னோர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

முறிந்த உடன்படிக்கை, நிலைத்த உடன்படிக்கை

2002 டிசம்பர் 9 அன்று ஜெனீவாவில் இரு தரப்பும் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. சில மாதங்களே அது நீடித்தது. 2003 மே 19 அன்று இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டு, பல்லாயிரம் படையினர் ஆச்சேக்குள் இறக்கப்பட்டார்கள். பேச்சு பயனற்றது என்போருக்கு இது வலுவான சான்று. பேச்சு நடந்தது, ஒப்பமும் ஆயிற்று, ஆனாலும் போர் திரும்பியது.

ஏன் முறிந்தது என்று பார்த்தால் பாடம் தெளிவாகும். அந்த உடன்படிக்கை துப்பாக்கிகளை நிறுத்தச் சொன்னது. துப்பாக்கி தூக்க வைத்த கேள்வியைப் பின்னாளைக்குத் தள்ளிப்போட்டது. ஆச்சே தனிநாடா, மாநிலமா என்பதில் இரு தரப்பும் எதிரெதிர் எண்ணங்களை மனத்தில் வைத்துக்கொண்டே ஒப்பமிட்டன. ஓய்வு கிடைத்த இடைவெளியில் ஒவ்வொருவரும் மற்றவரின் சூழ்ச்சியையே தேடினார்கள்.

2004 இல் சுசீலோ பம்பாங் யுதயோனோ அதிபராகவும், யூசுஃப் கல்லா துணை அதிபராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். யுதயோனோ முன்னாள் படைத்தலைவர். போரின் எல்லை எதுவென அறிந்தவர். கல்லா வணிகர், அதற்குமுன் போசோவிலும் அம்பொனிலும் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட மோதல்களில் சமாதானம் பேசியவர். கல்லாவின் தூதர்கள் காம் தலைவர்களோடு மறைவாகத் தொடர்பை ஏற்படுத்தினார்கள். பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி ஆத்திசாரி நடுவராக இருக்க இசைந்தார்.

இந்த முயற்சி நடந்துகொண்டிருந்தபோதே, 2004 டிசம்பர் 26 காலையில், நம் நாகப்பட்டினத்தைச் சூறையாடிய அதே ஆழிப்பேரலை ஆச்சேயை விழுங்கியது. அங்கே ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், அல்லது காணாமற்போனார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இடிபாடுகளுக்கு நடுவே பைத்துர் ரஹ்மான் பள்ளிவாசல் நின்றது. மறு மாத இறுதியிலேயே இரு தரப்பும் ஹெல்சிங்கி அருகே ஒரு மேசையில் அமர்ந்தன.

ஆறு மாதங்களில் ஐந்து சுற்றுப் பேச்சுகள் நடந்தன. எல்லாம் ஒத்துக்கொள்ளப்படும்வரை எதுவும் ஒத்துக்கொள்ளப்பட்டதாகாது என்பது ஆத்திசாரி விதித்த நிபந்தனை. மூலக் கேள்வியைத் தள்ளிப்போட இம்முறை இடமில்லை. இரண்டாம் சுற்றில் காம் தரப்பு, விடுதலை என்ற சொல்லைக் கைவிட்டுத் தன்னாட்சி என்ற சொல்லை முன்வைத்தது. முப்பது ஆண்டுகள் எந்தச் சொல்லுக்காக உயிர் கொடுத்தார்களோ, அந்தச் சொல்லை அவர்கள் விட்டார்கள். அரசும் தான் பிடித்திருந்த சிறப்பு அதிகாரம் என்ற சொல்லை விட்டது. ஆகஸ்ட் 15 அன்று ஒப்பமான உடன்படிக்கையில் ஆச்சேயின் ஆட்சிக்குப் புதிய சட்டம் இயற்றப்படும் என்று எழுதப்பட்டது. இரு தரப்பின் கொடிச் சொற்களும் அதில் இல்லை.

அழிக்கப்பட்ட சொல்

இவ்விடத்தில் நம் உள்ளம் ஹுதைபிய்யாவுக்குச் செல்வது இயல்பு. ஹிஜ்ரி 6 ஆம் ஆண்டு, ஏறத்தாழ 1,400 தோழர்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். குறைஷியர் வழிமறித்தார்கள். அதற்கு முந்தைய ஆறாண்டுகளில் பத்ரிலும் உஹதிலும் அகழிலும் வாளோடு வந்தவர்கள் அவர்கள். அவர்களோடுதான் நபியவர்கள் உடன்படிக்கை எழுத அமர்ந்தார்கள்.

அல்லாஹ்வின் தூதர் என்ற சொல்லை ஏற்க மாட்டோம் என்றார் குறைஷியரின் தூதர் சுஹைல் பின் அம்ர். அந்தச் சொல்லைத் தம் கையால் அழிக்க அலீ (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. சொல் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, நபியவர்களே அதை அழித்தார்கள். சொல் ஏட்டிலிருந்து நீங்கியது. தூதுத்துவம் எள்ளளவும் குறையவில்லை. உமர் (ரலி) அவர்களுக்கே அன்று அது தாங்க முடியாததாக இருந்தது. சத்தியத்தில் இருக்கும் நாம் ஏன் தாழ்ந்து போக வேண்டும் என்ற கருத்தில் அவர்கள் கேட்டார்கள். திரும்பும் வழியில் சூரத்துல் ஃபத்ஹ் இறங்கியது. எதைத் தோழர்கள் தாழ்வு என்று எண்ணினார்களோ, அதை அல்லாஹ் தெளிவான வெற்றி என்றான். அடுத்த இரண்டே ஆண்டுகளில், அதுவரை இஸ்லாத்துக்கு வந்தவர்களுக்கு இணையாகவோ கூடுதலாகவோ மக்கள் வந்தார்கள் என்று தாபிஈ அறிஞர் இமாம் ஸுஹ்ரீ மதிப்பிடுகிறார்.

ஆச்சேயின் அரசியல்வாதிகளை நபித்தோழர்களுக்கு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. அத்தகைய ஒப்பீட்டிலிருந்து அல்லாஹ் நம்மைக் காப்பானாக. சுன்னா காட்டிய நெறியொன்றை மட்டும் இங்கே நினைவூட்டுகிறோம்: பொருளை இழக்காமல் சொல்லை விட்டுக்கொடுப்பது கோழைத்தனம் ஆகாது. அவ்வாறு விட்டுக்கொடுக்க, வாள் தூக்குவதைவிடப் பெரிய மனத்திண்மை வேண்டும்.

சொன்னதைச் செய்தல்

உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு குர்ஆன் திரும்பத் திரும்பக் கட்டளையிடுகிறது. ஹெல்சிங்கி உடன்படிக்கை நிலைத்ததற்கு முதற்காரணம், சொல்லப்பட்டவை அளந்து பார்க்கத் தக்கவையாக இருந்ததே. காம் 840 ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். அரசு வெளியிலிருந்து கொண்டுவந்த படையினரைத் திரும்பப் பெற வேண்டும். 14,700 இராணுவத்தினரும் 9,100 காவலர்களும் மட்டுமே தங்கலாம். ஆயுத ஒப்படைப்பும் படை விலகலும் 2005 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு கட்டங்களாக, ஒன்றையொன்று தொடர்ந்து நடந்தன. ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் அனுப்பிய கண்காணிப்பாளர்கள் ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் விடுதலையானார்கள். எரிவாயு, எண்ணெய் வருவாயில் 70 விழுக்காடு ஆச்சேக்கு என்றும், மாநில அளவிலான அரசியல் கட்சிகளுக்கு இசைவு என்றும் முடிவாயிற்று.

பேரலை வந்தபோது பண்டா ஆச்சே சிறையில் இருந்தவர் இர்வாந்தி யூசுஃப். அதிலிருந்து உயிர்தப்பிய அவர், 2006 டிசம்பர் தேர்தலில் ஆச்சேயின் ஆளுநரானார். காட்டில் படை நடத்திய முஸாகிர் மனாஃப், 2024 தேர்தலில் அதே பதவிக்கு வந்தார். அதே இர்வாந்தி பின்னாளில் ஊழல் வழக்கில் சிறை சென்றதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. சமாதானம் மனிதர்களை மலக்குகளாக்கிவிடாது. ஆனால் தவறு செய்த ஆளுநரை வழக்குமன்றம் தண்டிக்க முடிந்தது. அதற்காக ஒரு கிராமமும் எரியவில்லை.

எதிர்வாதங்கள்

போரினால் காம் தளர்ந்திருந்ததால்தானே மேசைக்கு வந்தது என்பர் சிலர். இதில் உண்மை உண்டு. இராணுவச் சட்டக் காலத்தில் இயக்கம் பெரும் இழப்பைச் சந்தித்தது. ஆயினும் தளர்ந்ததே தவிர அழியவில்லை. 1970களின் இறுதியிலும், 1990களின் தொடக்கத்திலும் அது இதேபோல் தளர்ந்திருந்தது. அவ்விரு முறையும் அரசு தன் வெற்றியை உடன்படிக்கையாக மாற்றவில்லை. இரண்டு முறையும் போர் அடுத்த தலைமுறையில் திரும்பி வந்தது. எதிரி தளர்ந்திருக்கும் வேளையே அவனோடு கண்ணியமாகப் பேசுவதற்குரிய வேளை.

பேரலைதான் சமாதானத்தைக் கொண்டுவந்தது என்பர் வேறு சிலர். அதே அலை இலங்கையின் கரையையும் அழித்தது. அங்கேயும் அரசுக்கும் ஆயுதம் ஏந்திய இயக்கத்துக்கும் இடையே போர் இருந்தது. நிவாரணப் பணிகளை இணைந்து நடத்த 2005 ஜூனில் ஓர் உடன்பாடு எழுதப்பட்டது. அடுத்த மாதமே உச்சநீதிமன்றத்தின் தடையால் அது முடங்கியது. கிழக்குக் கரையில் பேரிழப்பைச் சந்தித்த முஸ்லிம்கள், அந்த உடன்பாட்டில் கையொப்பமிடும் தரப்பாகச் சேர்க்கப்படவேயில்லை என்பதும் நமக்கு மறக்கக் கூடாத பாடம். ஆயுதம் ஏந்தாத மக்களுக்கும் மேசையில் இடம் வேண்டும். இலங்கையில் போர் மீண்டும் மூண்டு, 2009 மே மாதத்தில் பெரும் உயிர்ச்சேதத்தோடு முடிந்தது. அலை ஒன்று, முடிவு இரண்டு. வேறுபாட்டை மனிதர்களின் முடிவுகளே உண்டாக்கின.

எவரோடும் எந்நிலையிலும் போரே கூடாது என்பதும் நம் மார்க்கத்தின் நிலையன்று. குறைஷியரின் நேசக் கூட்டத்தார் குஸாஆ குலத்தாரைத் தாக்கி, குறைஷியரும் அதற்குத் துணைநின்று உடன்படிக்கையை முறித்தபோது, நபியவர்கள் மக்காவை நோக்கிப் படையோடு புறப்பட்டார்கள். ஆனால் எதிரி சமாதானத்தின் பக்கம் சாய்ந்தால் நீரும் சாய்வீராக என்னும் கருத்துள்ள சூரத்துல் அன்ஃபாலின் கட்டளை, அவன் ஏமாற்றக்கூடும் என்ற அச்சத்தையும் கணக்கில் கொண்டே வருகிறது. ஏமாற்றினால் அல்லாஹ் போதுமானவன் என்று அடுத்த வசனம் ஆறுதல் தருகிறது. ஐயத்தைக் காரணம் காட்டிக் கதவை அடைக்க நமக்கு இடமில்லை.

ஒவ்வோர் உடன்படிக்கையிலும் ஓர் அபூஜந்தல்

ஹுதைபிய்யாவில் மை உலருமுன் விலங்குகளை இழுத்துக்கொண்டு ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் சுஹைலின் மகன் அபூஜந்தல் (ரலி). இஸ்லாத்தை ஏற்றதற்காகத் தந்தையாலேயே பூட்டி வைக்கப்பட்டவர். உடன்படிக்கையின்படி அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. பொறுமை கொள்ளுமாறும், அல்லாஹ் வழி திறப்பான் என்றும் நபியவர்கள் அவருக்குக் கூறினார்கள். அல்லாஹ் வழி திறந்தான். ஆயினும் அந்த உடன்படிக்கையின் விலையை அன்று தம் உடலால் செலுத்தியவர் அபூஜந்தல் அவர்களே.

ஆச்சேயிலும் அபூஜந்தல்கள் இருக்கிறார்கள். ஹெல்சிங்கி உடன்படிக்கை, மனித உரிமை வழக்குமன்றமும் உண்மை கண்டறியும் ஆணையமும் அமைக்கப்படும் என்றது. ஆச்சேயின் உண்மை ஆணையம் 2016 இல்தான் அமைந்தது. உறுதியளிக்கப்பட்ட வழக்குமன்றம் இன்னும் அமையவில்லை. 2023 ஜனவரியில் அதிபர் ஜோகோ விதோதோ, ருமோ கெடோங் கொடுமை உள்ளிட்டவற்றை அரசின் சார்பில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகளை மீட்க முயல்வதாகச் சொன்னார்.  70 விழுக்காட்டு உரிமை கிடைத்தபோது அருண் எரிவாயு வற்றிக்கொண்டிருந்தது. 2014 இல் கடைசிக் கப்பல் புறப்பட்டது. கணவன் புதைக்கப்பட்ட இடம்கூடத் தெரியாமல் ஜனாஸாத் தொழுகைக்கு ஏங்கும் பெண்களுக்கு, சமாதானம் வந்தது என்ற செய்தி பாதிச் செய்திதான்.

இதைச் சொல்வது, உடன்படிக்கை தவறு என்பதற்காக அன்று. போர் தொடர்ந்திருந்தால் அப்பெண்களின் வரிசை நீண்டிருக்கும். அவர்களுக்கு நீதியும் கிடைத்திருக்காது. ஆனால் ஹுஜுராத் வசனம் சமாதானம் என்பதோடு நிற்கவில்லை, நீதியோடு சமாதானம் என்கிறது. எதிரியோடு பேசுகின்ற அரசுக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, தன் பெருமைக்குரிய சொல்லை விட்டுக்கொடுத்தாவது இரத்தம் சிந்துவதை நிறுத்துவது. மற்றொன்று, அந்தச் சமாதானத்தின் விலையைச் செலுத்திய எளிய மனிதரை மறவாமல், அவருடைய கடனைத் தீர்ப்பது. ஆச்சேயில் முதற்கடமை நிறைவேறியது. இரண்டாவது நிலுவையில் இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்குப் பத்ரையும் உஹதையும் கற்பிக்கும் ஆர்வத்தோடு ஹுதைபிய்யாவையும் கற்பிப்போம். வாள்கள் உறைக்குள் இருந்த அந்த நாளுக்கே அல்லாஹ் தெளிவான வெற்றி என்று பெயரிட்டான் என்பதை அவர்கள் அறிந்து வளரட்டும்.

யா அல்லாஹ்! போரில் சிக்கியிருக்கும் மக்களின் இரத்தத்தைக் காப்பாயாக. ஆட்சியாளர்களின் உள்ளங்களில் நீதியையும் இரக்கத்தையும் விதைப்பாயாக. காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு அழகிய பொறுமையையும், அவர்களுடைய உரிமையையும் தந்தருள்வாயாக. ஆமீன்.